மேலுமலை மேடும் நாலு அங்குலக் குழாயும்

சூசை: லாரி எஞ்சினு ஓடுது... நல்லாத்தானம்மா ஓடுது?

மங்கம்மா: நின்ன எடத்துல ஓடும். மேட்டுல வுட்டா நிக்கும். அதான் இதோட வியாதி.

சூசை: புரியலையே.

கங்கப்பன்: சமதரையில ஒண்ணும் இல்லீங்ணா. மேலுமலை மேட்டுல கால வெச்சதும் மூச்சு முட்டுது. கரும்புகையா கக்குது. ரெண்டாவது கியரு போட்டு அமுக்குனாலும்...

மங்கம்மா: பாதி மேட்டுல ஒக்காந்துக்கிச்சு. எருமை சேத்துல ஒக்காந்த மாதிரி.

கங்கப்பன்: அங்கருந்து ரிவர்சுலயே எறக்கிக் கொண்டாந்தேன். மொதல்ல கண்ணுக்கு பட்டது உங்க பட்டறைதான்.

சூசை: நானு பால் கேன் அடிக்கிறவன் தம்பி. தகரம், பத்தவைப்பு, அதோட சரி. எஞ்சினெல்லாம் எனக்கு ஆவாது. கிருஷ்ணகிரிக்கே திருப்பிக்கிட்டு போங்க.

மங்கம்மா: கிருஷ்ணகிரில மூணு பேரு பாத்தாச்சுங்ணா. போன வாரம் கல்லு ஏத்தி வெள்ளோட்டம் வுட்டப்பவே இதே கததான். ஒருத்தன் டீசல் பில்டர மாத்துனான். ஒருத்தன் டீசல் பீச்சுற நாசில கழட்டி ஊதுனான். மூணாவது ஆளு, டிரைவர மாத்துங்கன்னான்.

கங்கப்பன்: அவரு அப்படி சொல்லலக்கா...

மங்கம்மா: என் காதுல அப்படித்தான் வுழுந்துச்சு.

சூசை: என்னா லோடு?

மங்கம்மா: செந்தூரா மாம்பழம். வேப்பனப்பள்ளி பக்கம், பதிமூணு வூட்டுப் பழம். எரநூத்திப்பத்து கூடை. பெங்களூரு மார்க்கெட்டுல நாலு மணிக்குள்ள எறக்கணும். நாலு தாண்டுனா வாங்கறவன் கடைய சாத்திட்டுப் போயிடுவான்.

சூசை: இப்பவே மணி ஒம்போது.

மங்கம்மா: அதான் உங்க வாசல்ல நிக்கிறோம்.

சூசை: மண்டி வழியா போட்டிருக்கலாமில்ல? ராஜப்பன் மண்டி லாரி தெனமும் போவுதே.

மங்கம்மா: போட்டோம். பத்து வருசமா போட்டோம். பத்து கூடை போட்டா நாலு கூடை அழுகலுன்னு ஓரமா தள்ளுவான். சரி, அழுகலுன்னா குப்பையில கொட்டணுமில்ல? அந்த நாலு கூடையும் அதே லாரில பெங்களூருக்குத்தான் போவும். ஒரு நா பின்னாடியே பஸ்ஸு புடிச்சுப் போயி பாத்தேன். என் கூடை, நா போட்ட முடிச்சு, மார்க்கெட்டுல மொத வரிசையில ஒக்காந்திருக்குது.

சூசை: நீங்களே போயி பாத்தீங்களா?

மங்கம்மா: வேற யாரு போவா? அன்னைக்கு முடிவு பண்ணேன். எங்க பழத்த எங்க வண்டியிலதான் ஏத்தறதுன்னு. மைசூர் பக்கம் அணை வேல முடிஞ்சு வண்டியெல்லாம் ஏலம் போட்டான். அதுல போன மாசம் எடுத்தது இது, அறுவத்தேழு மாடலு.

கங்கப்பன்: வெள்ளக்காரன் எஞ்சினுங்ணா. இழுவைன்னா இழுவை. உள்ள ஒரு நத்தை இருக்குது.

சூசை: நத்தையா?

கங்கப்பன்: பேரு டர்போவாம், ஏலத்துல ஒரு எஞ்சினியரு சொன்னாரு. பாக்க நத்தைக் கூடு மாதிரியே இருக்கும். காத்த உறிஞ்சி எஞ்சினுக்குள்ள அமுக்கித் தள்ளும். அது சுத்துனா விசிலடிக்கும். மேட்டுல அந்த விசில் செத்துப்போவுதுங்ணா. விசிலு நின்னுது, வண்டியும் நின்னுது.

சூசை: எனக்கு கேன் வேல கெடக்குதும்மா.

மங்கம்மா: என்னாங்ணா, ராஜப்பன் பேரக் கேட்டதும் பயமா?

சூசை: எனக்கென்னா பயம். ...சரி. தொடமாட்டேன். பாக்குறேன். பாக்குறதுல என்னா இருக்குது.

கங்கப்பன்: போனட்ட தொறக்கட்டுங்களா?

சூசை: ஒரு பக்கத் தகட்ட கழட்டிப்போடு. நானு படிக்கட்டுல தொத்திக்கிட்டு வர்றேன். நீ மேட்டுல ஏத்து.

மங்கம்மா: ஓடுற வண்டியிலயா பாப்பீங்க?

சூசை: நின்னா வியாதி இல்லன்னு நீங்கதான சொன்னீங்க?

*

சூசை: நிறுத்து! நிறுத்து, போதும்!

கங்கப்பன்: நிறுத்த வேண்டியதே இல்ல, தானா நின்னுடும்... பாத்தீங்களா, புகைய பாத்தீங்களா!

சூசை: புகைய எவன் பாத்தான். எறங்கி வா இப்படி. நீங்களும் வாங்கம்மா. இந்த ரப்பரு ஓசு எங்கருந்து எங்க போவுது?

கங்கப்பன்: காத்து பில்டருலருந்து நத்தை வாய்க்கு.

சூசை: அமுக்கிப் பாரு.

கங்கப்பன்: சூடா இருக்குது... கொழகொழன்னு இருக்குதுங்ணா.

சூசை: எளநிய பப்பாளிக் குழல்ல உறிஞ்சியிருக்கியா? வேகமா உறிஞ்சுனா என்னா ஆவும்?

கங்கப்பன்: குழலு ஒட்டிக்கும்.

சூசை: அதேதான் இங்க. சமதரையில நத்தை மெதுவா உறிஞ்சுது, ஓசு தாங்குது. மேட்டுல நீ அமுக்க அமுக்க அது பேய் மாதிரி உறிஞ்சுது. டீசல் பட்டு ஊறிப்போன ஓசு, சப்பையாயி ஒட்டிக்கிச்சு. நானு பாத்துக்கிட்டே இருக்கேன், தோசை மாதிரி ஆயிப்போச்சு. காத்து இல்லாம டீசலு மட்டும் எரிஞ்சா கரும்புகைதான வரும்? நீ கால எடுத்ததும் பழையபடி உருண்டையாயிடுச்சு.

மங்கம்மா: அதான் மூணு பேரு கண்ணுலயும் படலையா...

சூசை: நிக்க வெச்சு பாத்தா ஏழு ஜென்மத்துக்கும் படாது.

கங்கப்பன்: அப்ப புது ஓசு? பெங்களூருல கெடைக்குமுங்களா?

சூசை: பெங்களூருக்குப் போவத்தான ஓசு வேணும்?

மங்கம்மா: நீங்க செய்யுங்க.

சூசை: தொடமாட்டேன்னு சொன்னேனேம்மா...

மங்கம்மா: சொன்னீங்க. உங்க கை இப்ப எங்க இருக்குதுன்னு பாருங்க.

சூசை: ...அடச்சே. சரி, வண்டிய பட்டறைக்கு எறக்கு. தகரத்துல பண்ணிடறேன். சப்பையாவறதுக்கு அதுல ரப்பரே இருக்காது.

கங்கப்பன்: ஒரு நிமிசங்ணா. கம்பெனிப் பொருளு தவிர வேற எதுவும் மாட்டக்கூடாதுன்னு ஏலப் பேப்பருல...

சூசை: இது கம்பெனிப் பொருளா? நல்லா பாருய்யா. கெணத்து பம்பு ஓசு இது! நத்தை வாயி நாலு அங்குலம், பில்டரு வாயும் நாலு. எவனோ மூணு அங்குல ஓச சூடு பண்ணி ரெண்டு பக்கமும் இழுத்துக் கட்டியிருக்கான். தொண்டைக்குழிய பாதி அடைச்சுட்டு ஓடு ஓடுன்னா எப்படி ஓடும்?

மங்கம்மா: அப்ப நாலு அங்குலத்துலயே போடுங்க. முழு மூச்சு வுடட்டும்.

*

கங்கப்பன்: அக்கா... ஜீப்பு.

மங்கம்மா: பாத்துட்டேன். திம்மப்பன்தான். மண்டிக் கணக்கப்புள்ள. நீ குழாய புடி, தலைய தூக்காத.

திம்மப்பன்: என்னா மங்கம்மா, வண்டி பட்டறையில தூங்குதா?

மங்கம்மா: வா திம்மப்பா. மூட்ட எண்ணுறவனுக்கு ஜீப்பு குடுத்துட்டாரா உங்க முதலாளி?

திம்மப்பன்: பழம் வெயில்ல வேவுதேன்னு பாவப்பட்டு அனுப்புனாரு. இங்கயே பாதி வெலைக்கு எறக்கிக்கறோம். எங்க லாரி பின்னாடி வந்துக்கிட்டு இருக்குது.

மங்கம்மா: பாதி.

திம்மப்பன்: இன்னும் ஒரு மணி நேரம் போச்சுன்னா அதுவும் இல்ல. என்னமோ பதிமூணு வூடு, பதிமூணு வூடுன்னு சொல்லிக்கிட்டு திரியறியே, அந்த...

மங்கம்மா: போரா, போடா! என் பழத்துக்கு வெல வெக்க நீ யாரு? ஜீப்ப எடு மொதல்ல.

திம்மப்பன்: சரி, உன் இஷ்டம். கங்கப்பா, உன் சீட்டு காலியாத்தான் கெடக்குது. காலைல டீக்கடையில சொன்னது சொன்னதுதான்.

கங்கப்பன்: அண்ணா, குழாய இப்படிப் புடிச்சா போதுமா?

திம்மப்பன்: சூசை, உனக்கும் ஒரு வார்த்தை. முதலாளி நேத்து சொன்னது...

சூசை: கேன் ஆர்டருதான? ஞாபகம் இருக்குதுன்னு சொல்லு.

திம்மப்பன்: கேனா? யோவ், நானு சொல்றது...

சூசை: பத்தவைக்கப் போறேன். கண்ணு போயிடும், தள்ளிப் போ.

திம்மப்பன்: ஓ... அப்படியா சேதி. சரி. மேட்டு மேல வளைவுல நிக்கிறேன். ஏறி வாங்க பாக்கலாம்.

*

மங்கம்மா: போயிட்டான். ...கங்கப்பா.

கங்கப்பன்: சொல்லுங்கக்கா.

மங்கம்மா: டீக்கடையில என்னா சொன்னான்?

கங்கப்பன்: அது...

மங்கம்மா: எட்டு வருசம் மண்டி லாரி ஓட்டுனவன் நீ. சண்ட போட்டுக்கிட்டு வந்துட்டேன்னு சொன்ன. நம்புனேன். டீக்கடையில என்னா சொன்னான்?

கங்கப்பன்: மேலுமலை மேட்டுல வண்டிய நிறுத்திட்டு எறங்கி வந்துடு, பழையபடி சீட்டு தர்றோம்னான்.

மங்கம்மா: நீயும் மேட்டுல நிறுத்திட்ட.

கங்கப்பன்: நா நிறுத்தலக்கா! அதுவா நின்னுச்சு!

மங்கம்மா: அதுவா நின்னுச்சு.

கங்கப்பன்: நிறுத்தறவன் ரிவர்சுல எறக்குவானா? முழு லோடு, ஒரு பக்கம் பள்ளம், பின்னாடி பாக்க ஆளில்ல... அந்த வளைவுல எப்படி எறக்குனேன்னு நீங்க பாக்கல? சாவிய பள்ளத்துல வீசிட்டு சூளகிரி பஸ்ஸுல ஏறியிருக்க மாட்டேனா?

சூசை: அம்மா, நானு ஒண்ணு சொல்றேன். சப்பையானது ரப்பரு. டிரைவரு இல்ல. என் கண்ணால பாத்தேன்.

மங்கம்மா: அப்ப ஏன்டா காலையிலயே சொல்லல?

கங்கப்பன்: சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள மேட்டுல நின்னுபோச்சு. நின்னப்பறம் சொன்னா எவ நம்புவா?

மங்கம்மா: ...நா நம்பியிருக்க மாட்டேன்.

கங்கப்பன்: அதான்.

மங்கம்மா: சரி, மூஞ்சிய தொங்கப்போடாத. குழாயோட அந்தப் பக்கம் தூக்கிப் புடி. அண்ணனுக்கு கை எட்டல.

சூசை: ஆட்டாத... ஆட்டாத... ஆச்சு. மூணு துண்டு, ரெண்டு மூட்டு. ஒடிச்ச மாதிரி திரும்பாம காத்து வழுக்கிக்கிட்டு போவும். இனிமேதான் பெரிய வேல.

கங்கப்பன்: இன்னும் என்னாங்ணா?

சூசை: உள்ள சுத்தம் பண்றது. பத்தவைக்கறப்ப உருகுன பொட்டு உள்ள எங்கயாவது ஒட்டியிருக்கும். நத்தைக்குள்ள ஒரு சக்கரம் சுத்துதில்ல, அது என்னா வேகம் சுத்துதோ ஆண்டவனுக்குத்தான் தெரியும். ஒரு நெல்லு அளவு இரும்பு உள்ள போச்சுன்னா சக்கரம் தூள். அதோட உங்க வண்டியும் முடிஞ்சது, எம்பேரும் முடிஞ்சது. என் கை தடி, நடு மூட்டு வரைக்கும் போவாது.

மங்கம்மா: நவுருங்க. வளையல கழட்டிக்கறேன்.

சூசை: பாத்து, ஓரம் வெட்டும்.

மங்கம்மா: மாட்டுக்கு கன்னு திரும்பிக்கிட்டப்ப உள்ள கைய வுட்டு இழுத்திருக்கேன். இது என்னா... இங்க ஒண்ணு இருக்குது. கம்பு மணி மாதிரி. நகத்துல வரமாட்டேங்குது.

சூசை: இந்தா அரம். சின்னது. மெதுவா ராவுங்க.

மங்கம்மா: ...வந்துச்சு. இன்னொண்ணு. இதுவும் வந்துச்சு. உள்ள இன்னும் கொஞ்ச தூரம்...

கங்கப்பன்: அக்கா, கையில ரத்தம்.

மங்கம்மா: இருக்கட்டும். வழவழன்னு ஆயிடுச்சு. ஒரு தடவ முழுசா தடவிட்டேன், மறுபடியும் தடவறேன். ...இல்ல. ஒண்ணும் இல்ல.

சூசை: தண்ணிய ஊத்து, ஈரத் துணிய வுட்டு இழு. அப்பறம் காயவெச்ச துணி. ரெண்டு முனையிலயும் ஒரு சாண் புது கேன்வாஸ் ஓசு வெச்சு கிளிப்பு போடறேன்.

கங்கப்பன்: மறுபடியும் ஓசா?

சூசை: எஞ்சினு ஆடும், தகரம் ஆடாது. நேரா இறுக்குனா பத்தவெச்ச எடத்துல விரிசலு வுட்டுடும். ஒரு சாண் ஓசு சப்பையாவாது, பயப்படாத. நீங்க ரெண்டு பேரும் போயி கைகால் கழுவிக்கிட்டு வாங்க. அந்தக் காயத்துக்கு மஞ்சளு வெச்சுக் கட்டுங்கம்மா. நானு மாட்டி வெக்கிறேன்.

*

கங்கப்பன்: மேடு ஆரம்பிக்குது.

மங்கம்மா: ஓட்டு.

கங்கப்பன்: மூணாவதுல போவுது... காலைல இந்த எடத்துலயே ரெண்டாவதுக்கு வந்துட்டேன். அண்ணா, புகை?

சூசை: வெளிய தலைய நீட்டிக்கிட்டுத்தான் வர்றேன். லேசா சாம்பலாட்டம் வருது. கருப்பு இல்ல.

கங்கப்பன்: ரெண்டாவது போடறேன். அமுக்கறேன்...

மங்கம்மா: அந்த சத்தம் என்னா?

கங்கப்பன்: விசிலுக்கா! நத்தை! கேக்குதுங்களா?

சூசை: காது கிழியுது, கேக்காம என்னா.

கங்கப்பன்: ஏலத்துல எடுத்த நாளுலருந்து இந்த சத்தம் நா கேட்டதே இல்ல. இவ்ளோ நாளா இது முனகிக்கிட்டுத்தான் இருந்திருக்குது!

மங்கம்மா: பேசாம ரோட்ட பாரு. காலைல நின்ன எடம் எங்க?

கங்கப்பன்: தாண்டிட்டோமேக்கா. அந்த வெள்ளக் கல்லு... அதோ பின்னாடி.

சூசை: வளைவுல ஜீப்பு நிக்குது. எறங்கி நின்னு பாக்கறான்.

கங்கப்பன்: ஆரன் அடிக்கட்டுமா?

மங்கம்மா: வேணாம். மெதுவா ஓரங்கட்டிப் போ, நிறுத்தாத. அண்ணா, தலைக்கு மேல தார்ப்பாய் இடுக்குல கைய வுட்டு ஒரு பழம் எடுத்துக் குடுங்க. ...திம்மப்பா! பாதி வெலைக்கு கேட்டியே, இந்தா! சும்மாவே ஒண்ணு!

கங்கப்பன்: புடிச்சுட்டான்க்கா!

மங்கம்மா: புடிப்பான். பத்து வருசமா எங்க பழத்த புடிச்சுப் பழகுன கையி.

*

கங்கப்பன்: சூளகிரி வந்தாச்சு. இனிமே ஓசூர் வரைக்கும் வழுக்கிக்கிட்டுப் போவும். அத்திப்பள்ளி செக்போஸ்ட்டுல நிக்கவெச்சாக்கூட மூணு மணிக்கு மார்க்கெட்டு.

மங்கம்மா: நிறுத்து இங்க. சூசையண்ணா, எதுக்க வர்ற கிருஷ்ணகிரி பஸ்ஸ புடிச்சீங்கன்னா சாப்பாட்டு நேரத்துக்குள்ள பட்டறைக்குப் போயிடலாம். திரும்பி வர்றப்ப உங்கள வந்து பாக்கறேன்.

சூசை: நானு ஓசூருக்கே வர்றேம்மா. வூடு அங்கதான், மாதா கோயிலுக்குப் பின்னாடி.

மங்கம்மா: பட்டறைய தொறந்து போட்டுட்டா?

சூசை: அங்க ஒண்ணும் இல்ல. சாமானெல்லாம் பின்னாடி கூடைக்கு நடுவுல இருக்குது. நீங்க கை கழுவப் போனப்ப ஏத்திட்டேன்.

கங்கப்பன்: ஏத்திட்டீங்களா? எதுக்குங்ணா?

சூசை: பட்டறை இருக்கிற எடம் ராஜப்பனோடது. நேத்து அவரே வந்தாரு. வேப்பனப்பள்ளி லாரி ஒண்ணு வரும், தொட்டீன்னா விடியறதுக்குள்ள எடத்த காலி பண்ணிடுன்னாரு. அதான் அந்தக் கேன் ஆர்டரு.

மங்கம்மா: தெரிஞ்சேவா செஞ்சீங்க?

சூசை: செய்யறதாவே இல்லம்மா. கிருஷ்ணகிரிக்கு திருப்பிக்கிட்டு போங்கன்னேன்ல, மனசாரத்தான் சொன்னேன். அப்பறம் அந்த ஓசு ஒட்டிக்கிட்டத பாத்துட்டேன். பாத்தப்பறம் தெரியாதுன்னு எப்படி சொல்றது? எடம் அவருதுதான். அதுக்காக என் கண்ணும் அவருதா? போவுது வுடுங்க. ஓசூர்ல ரோட்டோரமா ஒரு மரத்தடி கெடைக்காமலா போயிடும்.

கங்கப்பன்: மரத்தடி எதுக்குங்ணா? வேப்பனப்பள்ளிக்கே வந்துடுங்க. பதிமூணு வூடு நம்ம பக்கம் இருக்குது, ஆளுக்கு ஒரு கை வெச்சா ரெண்டு நாள்ல பட்டறைய எழுப்பிடலாம். அந்த பதிமூணு பேரையும் மீறி ராஜப்பன் என்னா பண்ணிடுவாரு? சொல்லுங்கக்கா... அக்கா?

மங்கம்மா: பதிமூணு வூடு இல்ல கங்கப்பா. முந்தாநேத்து பொழுதுசாயற வரைக்கும் இருந்துச்சு. அப்பறம் பன்னண்டு வூட்டுக்காரனும் வரிசையா வந்து, மண்டிக்கே போட்டுடறோம்னு சொல்லிட்டுப் போயிட்டான். பின்னாடி இருக்கிற எரநூத்திப்பத்து கூடையும் என் ஒருத்தி தோப்பு. ஒரு மரம் வுடாம பறிச்சுட்டேன். அத காலைல சொல்லியிருந்தா நீ சாவிய தொட்டிருப்பியா, இவருதான் படிக்கட்டுல தொத்தியிருப்பாரா? எறங்கறதா இருந்தா இங்கயே எறங்கிக்குங்க, தப்பா நெனைக்க மாட்டேன். இல்லன்னா வண்டிய எடு. நாலு மணிக்குள்ள போவணும்.